கண்ணாடிக்குக் கீழே இருந்த முகம்

என் மகளின் முகத்தை நான் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். முன்பற்கள் விழுந்திருந்தன. சிரித்தால் நாக்கு நுனி தெரியும். அந்த ஓட்டைப்பல் முகம்தான் இன்றும் எனக்குள் இருக்கிறது. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் காது மந்தம். நெல்லிக்குப்பத்தில் பள்ளிக்கூடத்துக்கே காது மிஷின் மாட்டிக்கொண்டுதான் போனேன். பொழுது சாய்ந்தால் கண்ணும் தெரியாது. மாலைக்கண் என்றார்கள், ஆட்டு ஈரல் வாங்கிச் சுட்டுக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்று புதுச்சேரியில் ஒரு டாக்டர் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்திருந்தது. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் சொன்னார். இவர் என்னை வெளியே அழைத்துவந்து, ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, காது மிஷின் பக்கம் வாயை வைத்துச் சொன்னார்.

பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்தில் வருகிறவர்கள் மீது மோதினேன். அப்புறம் தட்டில் இருக்கும் சோறு தெரியும், குழம்பு தெரியாது. கடைசியில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது, அதுவும் போயிற்று. அதற்குச் சில வருஷம் கழித்துக் காது மிஷினும் வெறும் இரைச்சலானது. ஒருநாள் அதைக் கழற்றி வைத்தேன். மறுபடி மாட்டவில்லை.

என்னால் வாயால் பேச முடியும். என் குரல் எனக்குக் கேட்காததால் சத்தமாகப் பேசிவிடுகிறேன் என்பார்கள். மற்றவர்கள் என்னிடம் பேச வேண்டுமானால் என் உள்ளங்கையில் விரலால் எழுத வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. என் கணவரே கண்டுபிடித்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார். தப்பாகிவிட்டால் கரும்பலகையைத் துடைப்பதுபோல் உள்ளங்கையை ஒருமுறை தேய்த்துவிட்டுத் திரும்ப எழுதுவார். வேலையிலிருந்து வந்ததும் என் சுண்டுவிரலைப் பிடித்து அழுத்துவார். அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். வாயால் ஜாஸ்தி பேசாத மனிதர், கையில் எழுத ஆரம்பித்த பிறகு பெரிய பேச்சுக்காரராகிவிட்டார். தெருவில் யார் வீட்டுக்குப் புது பைக் வந்தது, டீக்கடையில் என்ன சண்டை, எல்லாம் எனக்கு வந்து சேரும். மகளும் அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

அப்போது நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் போனால் தரை அதிரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் வந்து, சுண்டுவிரலை அழுத்திவிட்டு, கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தார். அதில் ஏதோ மேடாக இருந்தது. தடவிப் பார்த்தேன்.

"என்னாங்க இது?"

"பாரு" என்று எழுதினார்.

"தெரியலியே. சேமியா ஒட்டிக்கிச்சா?"

அவர் சிரித்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது. "புள்ளையார்" என்று எழுதினார்.

தாளை அச்சில் வைத்து அழுத்திப் புடைக்கவைத்த பிள்ளையார். அவர் என் விரலைப் பிடித்துத் தும்பிக்கை மேலும் காது மேலும் நகர்த்தினார். அவர் நகர்த்தும்போது தெரிந்தது. விட்டுவிட்டால் மறுபடி சேமியாதான்.

அவர் விடவில்லை. தடித்த அட்டைகளில் பசை தடவி, நூலை ஒட்டி, அங்கங்கே மணலும் துணியும் வைத்துப் படம் செய்ய ஆரம்பித்தார். ரயில், வீடு, கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாம் செய்தார். சிலவற்றைக் கண்டுபிடித்தேன், பலவற்றில் தோற்றேன். கண் இருந்த காலத்தில் நான் எத்தனையோ படம் பார்த்தவள். ஆனால் விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தூரத்தில் இருப்பதைச் சின்னதாகப் போடுவார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். விரலுக்குச் சின்னது சின்னதுதான்.

மகள் ஏழாவது படிக்கும்போது, அவள் முகத்தைச் செய்துகொண்டுவந்தார். பக்கவாட்டு முகம். அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, டார்ச் அடித்து, நிழலை வரைந்து, அதன்மேல் கயிறு ஒட்டியிருக்கிறார். மகள் அசையாமல் நின்றதில் கால் வலித்ததென்று சொன்னாள். அட்டையை என் மடியில் வைத்துவிட்டு இருவரும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

மேலிருந்து கீழே தடவினேன். ஒரு வளைவு, ஒரு மேடு, ஒரு பள்ளம். திரும்பத் தடவினேன். அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தோளில் தெரிந்தது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் வரவில்லை.

"கடற்கரையா?" என்று கேட்டேன்.

மகள் எழுந்து போய்விட்டாள். அவர் என் கையை இழுத்து அழுத்தி எழுதினார். "உம் பொண்ணு. எவ்ளோ நாளா ஒட்டுனேன் தெரியுமா?" நகம் பட்டு வலித்தது.

முகம் என்றால் என் விரலுக்குக் கன்னத்தின் மெத்தை, மூக்கின் மேடு, அதற்குக் கீழே மூச்சின் சூடு. ஒற்றைக் கயிற்றில் அதெல்லாம் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். அப்படியானால் அவள் முகத்தையே தடவிப் பார்த்துக்கொள் என்றார். ஆனால் அவள் அதை விரும்பவில்லை. பள்ளி வாசலில் எல்லோர் எதிரிலும் ஒருமுறை தடவிவிட்டேன், சிநேகிதிகள் கேலி செய்தார்களாம். அதிலிருந்து என் கை கன்னத்துக்குப் போனால் பிடித்து மடியில் வைத்துவிடுவாள். முரட்டுத்தனமாக அல்ல. ஆனாலும் வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் அச்சக வேலையாகச் சிதம்பரம் போனவர் திரும்பி வந்து, "கோபுர வாசல்ல ஆடுற சிலைங்க இருக்கு. கைக்கு எட்டுற ஒசரத்துல. வரியா?" என்று எழுதினார். சின்ன வயதில் எத்தனையோ தடவை அந்த வாசல் வழியாகப் போயிருக்கிறேன். அந்தச் சிலைகளை நின்று பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

கோபுரத்துக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்து காற்று குளிர்ந்தது. அவர் என் கையைச் சுவரில் வைத்தார். கல், எண்ணெய்ப் பிசுக்கு, சதுரமாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஒரு முழங்கால் இருந்தது.

முழங்கால் என்று எனக்கு யாரும் எழுதிக்காட்டவில்லை. நானே கண்டேன். அதிலிருந்து தொடை, இடுப்பு, ஒடித்து நிறுத்திய இடை, தோள். முகம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. இன்னொரு கால் எங்கே என்று தேடினேன். அது பின்னால் மடங்கி மேலே போயிருந்தது. பக்கத்தில் குட்டியாக ஒருவன் மத்தளத்தோடு உட்கார்ந்திருந்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு படம் என் கைக்குள் தானாக முழுசாக வந்தது! "பொம்பள! ஆடுறா!" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ தெரியாது.

அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம். ஒருத்தி எப்படி நிற்கிறாள் என்று சரியாகப் புரியவில்லை. அவளைப்போலவே நின்று பார்த்தால் புரியும் என்று தோன்றியது. வலக்கையை அவள் முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டு, என் முழங்காலை மடித்து, இடக்கையை அவள் நீட்டியிருந்த மாதிரி உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினேன். உடம்பு சரியாக அமர்ந்தது. அவளுடைய இடுப்பு ஏன் அப்படி ஒடிந்திருக்கிறது என்று என் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நீட்டியிருந்த கையில் யாரோ விரல் வைத்தார்கள். எழுதப்போகிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். சில்லென்று வட்டமாக ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. நடுங்குகிற விரல்கள் என் விரல்களை மடக்கி அதன்மேல் மூடிவிட்டுப் போயின.

"என்னாங்க இது?"

என் கணவர் அதைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல" என்று எழுதினார். ஆனால் எனக்கு ஒரு ரூபாயின் கனம் தெரியாதா?

அவர் அந்த மனிதரின் பின்னால் ஓடிப்போய்ச் சண்டை போட்டதை மகள் வெகுநாள் கழித்துச் சொன்னாள். "அவ செல பாத்துகிட்டு இருக்கா, பிச்ச எடுக்கல" என்று கத்தினாராம். அது ஒரு வயதானவர். பயந்துபோய், "கண்ணு தெரியலன்னு போட்டேம்ப்பா, தப்பா நெனச்சிக்காத" என்றாராம். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இவ்வளவும் என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. நான் கல்லைத் தடவிக்கொண்டு, அவர் ஏன் இன்னும் கை தரவில்லை என்று நின்றிருக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் எதுவும் எழுதவில்லை. நானும் கையை நீட்டவில்லை.

அடுத்த வருஷம் கடலூரில் ஒரு மண்டபத்தில், பார்வையில்லாதவர்கள் தொட்டு உணரும் ஓவியக் கண்காட்சி என்று போட்டார்கள். அவர்தான் விசாரித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே யாரோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சட்டத்தில் என் கையை வைத்தார்கள். மேடு பள்ளத்தைப் பிடித்துத் தொடர்வதற்குள் தூக்கி அடுத்ததில் வைத்தார்கள். அப்புறம் அடுத்தது. படத்துக்குப் படம் என் முகத்தில் சூடு அடித்தது. விளக்கு வைத்து வீடியோ எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. "கொஞ்சம் வுடுங்க, நானா பாக்குறேன்" என்றேன். விடவில்லை. ஒரு மாணவி செய்த வேலை மட்டும் நினைவில் இருக்கிறது. வலையும் கிளிஞ்சலும் வைத்து, அலை ஒதுங்கின கரையை அப்படியே ஒரு பலகையில் செய்திருந்தாள். காய்ந்த கருவாட்டு வாசனைகூட இருந்தது. அதில் கொஞ்சநேரம் நிற்கவேண்டும் என்றேன். அதற்குள் ஒரு சால்வையைத் தோளில் போட்டுவிட்டார்கள். சால்வை போட்டால் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

அந்த மழைக்காலம் முடிந்த சமயத்தில்தான் அவர் போனார்.

காலையில் சிதம்பரத்துக்குப் பத்திரிகைக் கட்டு கொண்டுபோனவர். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. மகள் பள்ளியில் இருந்தாள். நான் வீட்டில் தனியாக, கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

தரை அதிர்ந்தது. ரயில் என்று நினைத்தேன். ரயிலானால் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. நிறையக் கால்கள். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஈரமான கன்னம் என் கழுத்தில் பட்டது. மார்பு குலுங்கியது. "யாரு? என்னா ஆச்சு?" என்று கேட்டேன். விட்டுவிட்டார்கள். வேறொருத்தி வந்து கட்டிக்கொண்டாள். அவளும் குலுங்கினாள். கையை விரித்து நீட்டினேன். "எழுதுங்க, யாராச்சும் எழுதுங்க" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் இல்லை. எழுதத் துணியவில்லை.

நாற்காலிகளை இழுத்துப் போடும் அதிர்வு வந்தது. அப்புறம் ஊதுவத்தி. அதன் பின்னால் ரோஜா மாலை வாசனை. யாரோ செத்துவிட்டார்கள் என்று அப்போது புரிந்தது. யார் என்று தெரியவில்லை. என் வீட்டில் சாவதற்கு அவரும் மகளும் மட்டும்தான். "பாப்பா! பாப்பா எங்க?" என்று கத்திக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தேன். உட்காரவைத்தார்கள். மறுபடி எழுந்தேன். தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள்.

பிறகு ஒரு கை வந்தது. நகம் கடித்த விரல்கள். என் மகளின் கை. அப்பாடா, இவள் இருக்கிறாள் என்று உடம்பெல்லாம் இளகியது. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான். இவள் இருந்தால் போனது யார் என்று அடுத்த மூச்சில் தெரிந்துவிட்டது. அவள் "அப்பா" என்று எழுதினாள். அதற்குமேல் எழுத முடியாமல் விரலை என் உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டே இருந்தாள்.

"கூட்டிட்டுப் போ" என்றேன்.

நடத்திக்கொண்டுபோய் என் கையை எதன்மேலோ வைத்தாள். கண்ணாடி. குளிரும் வழவழப்பும். உள்ளே மோட்டார் ஓடும் நடுக்கம். மேலிருந்து கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினேன். எங்கும் கண்ணாடிதான். என் கைக்கு ஒரு சாண் கீழே அவர் படுத்திருந்தார்.

"தொறங்க" என்றேன். கண்ணாடி அசையவில்லை. "தொறங்க, தொறங்க" என்று தட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே நடந்த பேச்சை மகள் பிறகுதான் எழுதிக்காட்டினாள். அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து வரவேண்டியிருந்தது. பெட்டியைத் திறக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவருடைய அண்ணன், "தொறந்தா பாடி தாங்காது. அவுங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே, தொறந்து என்னா ஆவப்போவுது?" என்று கேட்டார்.

என் மகள் அவரிடம் சொன்னாள்: "நீங்கல்லாம் வந்ததுலேர்ந்து எங்கப்பாவப் பாத்துகிட்டுதான் இருக்கீங்க பெரியப்பா. எங்கம்மா இன்னும் பாக்கல."

பதில் வருவதற்குள் அவளே மூடியைத் தூக்கிவிட்டாள்.

குளிர் முகத்தில் அடித்தது. அவள் என் கையை உள்ளே கொண்டுபோனாள். நெற்றியில் விபூதி காய்ந்து பொருக்காக இருந்தது. புருவம், அதே முரட்டுப் புருவம். மூக்குக்குள் பஞ்சு. தாடையைச் சுற்றித் துணி கட்டி, தலை உச்சியில் முடிச்சு போட்டிருந்தார்கள். அந்த முடிச்சை ஏன் தொட்டோம் என்று இருந்தது. மீசை விறைத்துப் போயிருந்தது. இடது காதுக்குக் கீழே அன்று காலை சவரத்தில் விட்டுப்போன நாலு மயிர். எப்போதும் அந்த இடத்தை விட்டுவிடுவார், நான்தான் தடவிப் பார்த்துச் சொல்வேன். அன்று சொல்லவில்லை. கை இரண்டையும் மார்பில் வைத்துக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என்னிடம் பேசிய விரல் மடங்கியிருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். நிமிரவில்லை.

அவசரப்படுத்தினார்கள். முதுகில் தட்டினார்கள், முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். நான் கண்காட்சியில் விட்டுக்கொடுத்த மாதிரி இங்கே விட்டுக்கொடுக்கவில்லை. மெதுவாக, காலின் பெருவிரல் கட்டுவரை பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

காரியத்தன்று பெண்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். எதற்கென்று யாரும் எழுதவில்லை. வளையல் உடைந்து மணிக்கட்டில் குத்தியபோது தெரிந்தது.

அதன்பிறகு வாடகை வீட்டைக் காலி செய்து, என்னையும் மகளையும் என் தம்பி நெல்லிக்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். சாமான்கள் வந்து சேர்ந்த பிறகு அட்டைப் படங்களைக் கேட்டேன். தம்பிக்குக் கையில் எழுதிப் பழக்கமில்லை. தடுமாறித் தடுமாறி எழுதினான். "நூலு ஒட்ன அட்டையாக்கா? குப்பைன்னு நெனச்சி போட்டுட்டோம்." அவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. பார்க்கிறவர்களுக்கு அது குப்பை மாதிரிதான் இருந்திருக்கும்.

தம்பியும் அவன் மனைவியும் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். வேளைக்குச் சோறு வரும். ஆனால் பேச்சு வராது. "சாப்புடு", "குளி", "வா" என்று மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். மகள் பள்ளி முடித்து, சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு அதுவும் குறைந்தது. கரும்பு அரவை ஆரம்பித்தால் சர்க்கரை ஆலையிலிருந்து வெல்லப்பாகு வாசனை வரும், லோடு டிராக்டர் போனால் சுவர் நடுங்கும். உலகத்திலிருந்து எனக்கு அவ்வளவுதான் சேதி.

தம்பியிடம் களிமண் கேட்டு வாங்கினேன். பெட்டிக்குள் தொட்ட முகத்தைச் செய்ய வேண்டும், ஆனால் துணிக்கட்டும் பஞ்சும் இல்லாமல். கண்ணால் பார்த்த முகம் வருஷக்கணக்காக நிற்கிறது. விரலால் பார்த்தது சீக்கிரம் கலைந்துவிடுகிறது. மூக்கு வந்தால் தாடை தவறுகிறது. தாடையைத் திருத்தினால் அந்தத் துணிக்கட்டு முடிச்சுதான் விரலுக்கு ஞாபகம் வருகிறது. தம்பி மனைவி அந்த மண்முகத்தைக் கண்டு பயப்படுகிறாள் என்று அறிந்து, மேலே ஒரு துணி போட்டு மூடிவைத்தேன்.

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்த மகளிடம் துணியை எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் கழித்து என் கையை எடுத்தாள்.

"அப்பா மாதிரி இல்லம்மா."

"யாரு மாதிரி இருக்கு?"

"யாரு மாதிரியும் இல்ல." உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு, "கோச்சிக்காத" என்று எழுதினாள்.

கோபமில்லை. "கடற்கரையான்னு நீ கேக்கலியே" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு அவளாகவே என் கையைத் தூக்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

கன்னத்தில் பருக்கள் இருந்தன. பற்கள் வரிசையாக இருந்தன, ஒன்று மட்டும் மற்றதன்மேல் ஏறியிருந்தது. மூக்கு குத்தியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. வலது புருவத்துக்கு மேலே, நெற்றியில், விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. தையல் போட்ட தழும்பு. புள்ளி புள்ளியாக விரலில் தட்டுப்பட்டது.

"இது எப்போ?"

"பழசும்மா. எட்டாவது படிக்கும்போது. சைக்கிள்ல வுழுந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாதான் வேணான்னாரு. நீ அழுவேன்னு."

ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்திருக்கிறோம். அவள் நெற்றி கிழிந்து, ரத்தம் வழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப்போட்டு வந்து, என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். எனக்கு இதைத் தவிர வேறு என்னென்ன சொல்லப்படவில்லையோ என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு தையலாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தேன். அவள் கை மெதுவாக வந்து என் கையைக் கீழே இறக்கியது.

"பசிக்குதும்மா" என்று எழுதினாள். "வா, சாப்புடலாம்."